பச்சை திரும்பினால் நிலம் திரும்புமா? தூந்திரத்தில் வண்டித்தடங்களும் மீட்சியின் அளவுகோலும்

1949-இல் அலாஸ்காவின் வட சரிவில், ஃபிஷ் கிரீக் என்னும் ஓடையருகே அமெரிக்கக் கடற்படை எண்ணெய் தேடிச் சோதனைக் கிணறு ஒன்று தோண்டியது. விற்பனைக்கு ஆகும் அளவில் எண்ணெய் கிடைக்கவில்லை. வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். அதன்பின் அந்த இடத்தை எவரும் உழவில்லை, அங்கே எதையும் கட்டவில்லை. 28 ஆண்டுகள் கழித்து, 1977-இல், அமெரிக்க ராணுவத்தின் குளிர்நில ஆய்வகத்தார் போய் அளந்து பார்த்தார்கள். விட்டுச்சென்ற இரும்புப் பீப்பாய்கள் துருவேறிக் கிடந்தன. வண்டித்தடங்களும் கிடந்தன. உள்ளே பனி மிகுந்திருந்த இடங்களில் அந்தத் தடங்கள், வண்டி ஓடிய நாளில் இருந்ததைவிட ஆழமாகியிருந்தன.

நம் புஞ்சைக் காட்டில் மழை ஈரத்தோடு இறங்கிய டிராக்டரின் தடம் அடுத்த உழவில் போய்விடும். உழாமலே விட்டாலும் நாலைந்து மழையில் கரை சரிந்து, புல் மூடி, இருந்த இடம் தெரியாமல் மறையும். காலம் நிலத்தை ஆற்றும் என்பது நமக்கு அனுபவத்தில் வந்த நம்பிக்கை. தூந்திரத்தில் அந்த நம்பிக்கை செல்லாது. அங்கே வண்டி போன பிறகுதான் சேதம் தொடங்குகிறது. வண்டியின் வேலை ஒரு நாளில் முடிந்துவிடும், சூரியனின் வேலை 30 ஆண்டுகள் நடக்கும்.

சாலையை விட்டிறங்கி ஓடும் வண்டிகள் தூந்திரத்துக்குச் செய்யும் கேட்டைப் பற்றி 1970களிலிருந்து ஏராளமாக ஆராய்ந்திருக்கிறார்கள். தரவுகளுக்குப் பஞ்சமில்லை. அந்தத் தரவுகளைக் கொண்டு நிலம் தேறிவிட்டதா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அளவுகோலில்தான் பிழை இருக்கிறது. தடத்தின்மேல் பச்சை படர்ந்துவிட்டால் நிலம் மீண்டுவிட்டது என்று எண்ணெய் நிறுவனங்கள் சொல்கின்றன. அனுமதி தரும் அலுவலகங்களும் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்கின்றன. அந்தப் பச்சை பல இடங்களில் காயம் ஆறியதன் அடையாளமல்ல, காயத்தின் அடையாளம் என்பதே என் வாதம். மீட்சியை அளக்க வேண்டிய இடம் மண்ணுக்குக் கீழே இருக்கிறது.

பாயும் பனியும்

தூந்திரம் என்றதும் பனி போர்த்திய வெறும் வெளி என்ற எண்ணம் நமக்கு வருகிறது. கோடையில் அது பசுமையான, காலை வைத்தால் உள்வாங்கும், சொதசொதத்த தாவரப் பாய். மரம் இல்லை. பாசிகள், கோரைகள், முழங்கால் உயரம்கூட எட்டாத வில்லோப் புதர்கள், லைக்கன்கள். லைக்கன் நமக்கு அந்நியமல்ல. செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான். வளர்வதற்குக் கிடைக்கும் காலம் ஆண்டுக்கு மூன்று மாதம்கூட இல்லை என்பதால் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளரும் உயிர்கள் அங்கே ஏராளம். பஞ்சுக்கோரை தன் பழைய தாள்களின் மேலேயே புதுத் தாள் விட்டு, நூறாண்டுக்கு மேலும் வாழ்ந்து, கவிழ்த்துவைத்த பானைபோல மோடுகட்டி நிற்கும். மலையடிவாரத் தூந்திரம் முழுக்க இந்த மோடுகள்தான்.

இந்தப் பாய்க்குக் கீழே நிலத்தடி உறைபனி. குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பூச்சியப் பாகைக்கு மேல் ஏறாத மண்ணையோ பாறையையோ அப்படி அழைக்கிறோம். புரூடோ விரிகுடாப் பகுதியில் அது சுமார் 600 மீட்டர் ஆழம்வரை இறங்கியிருக்கிறது. கோடையில் மேலே இருக்கும் மெல்லிய அடுக்கு மட்டும், பல இடங்களில் அரை மீட்டர் அளவுக்கு, உருகி மறுபடி உறையும். வேர்களும் நீரோட்டமும் நுண்ணுயிர்களும் அந்த அரை மீட்டருக்குள் அடக்கம்.

உறைபனி எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருப்பதில்லை. சரளைக்கல்லும் மணலும் உள்ள இடத்தில் பனி குறைவு; உருகினாலும் நிலம் பெரிதாக அமிழாது. வண்டல் மண்ணாக இருந்தால் மேல் மீட்டர்களில் கன அளவில் பாதிக்கு மேல் பனியாகவே இருக்கும். கடலோரச் சமவெளியில் முக்கால் பங்குவரை போகும் இடங்களும் உண்டு. போதாக்குறைக்கு, மண் குளிரில் வெடித்த பிளவுகளில் ஆண்டுதோறும் நீர் இறங்கி உறைந்து, நூற்றாண்டுகளாகப் பருத்துவந்த பனி ஆப்புகள். மேலிருந்து பார்த்தால் சமவெளி பலகோணக் கட்டங்களாகத் தெரிவதற்கு இந்த ஆப்புகளே காரணம். இப்படிப்பட்ட இடத்தில் நிலம் என்று நாம் சொல்வது, மண் கலந்த பனிக்கட்டியின் மேல் விரித்த பாய்.

வண்டி ஒன்று அந்தப் பாயின்மேல் ஓடுகிறது. காய்ந்து நின்ற தாள்கள் மடிகின்றன, பாசி நசுங்குகிறது. மடிந்து நசுங்கிய பரப்பு நிழலற்றுக் கறுக்கிறது. கறுத்த பரப்பு வெயிலை அதிகம் குடிக்கிறது. நசுங்கிய பாசிக்குள் காற்று இல்லாததால் வெப்பத்தைத் தடுக்கும் சக்தியும் குறைகிறது. உருகும் அடுக்கு சில சென்டிமீட்டர் ஆழமாகிறது. அந்தச் சில சென்டிமீட்டரில் இருந்தது பெரும்பாலும் பனி என்றால் அது நீராகி வடிய, மேல்பரப்பு அமிழ்கிறது. அமிழ்ந்த தடத்தில் நீர் கட்டுகிறது. நீர் வெயிலை இன்னும் அதிகமாகப் பிடித்துவைக்கிறது. அடுத்த கோடையில் உருகல் மேலும் ஆழமாகிறது. சரிவில் ஓடிய தடமாக இருந்தால் நீர் நிற்காமல் ஓடத் தொடங்கி, தடத்தை ஓடையாக அறுக்கிறது. இந்தச் சங்கிலியைத் தொடங்கிவைக்க ஒரு வண்டி போதும். இடையில் நிறுத்துவதற்கு மனிதர் கையில் எளிய வழி ஏதும் இல்லை.

ஆய்வாளர்கள் இதைக் கண்டறியப் பயன்படுத்தும் கருவி மிக எளியது: அளவுக்கோடு பொறித்த ஓர் இரும்புக் கம்பி. தடத்துக்கு வெளியே நின்று பாசியினூடே கம்பியை அழுத்தினால் கொஞ்ச ஆழம் எளிதாக இறங்கி, கல்லில் முட்டியதுபோல் நின்றுவிடும். அதுதான் உறைபனியின் மேல்முகம். ஓர் அடி எடுத்துவைத்துத் தடத்துக்குள் நின்று அழுத்தினால் கம்பி மேலும் இறங்கும். இரண்டு அளவுக்கும் உள்ள வேறுபாடு அந்த வண்டி விட்டுச்சென்ற கடன். ஃபிஷ் கிரீக், ஊமாலிக் போன்ற பழைய கிணற்றிடங்களில் இவ்வாறு அளந்த டேனியல் லாசன், 1986-இல் தொகுத்துச் சொன்ன முடிவு முக்கியமானது: பனி மிகுந்த மண்ணில் நிலம் மறுபடி நிலைகொள்ள 30 ஆண்டுகளுக்கு மேலாகிறது. நிலைகொள்வது என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது அல்ல. மேற்கொண்டு அமிழாமல் நிற்பது.

பசுமையின் புதிர்

இனி வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். அலாஸ்காவில் பழைய தடங்களைக் கோடையில் பார்த்தவர்களுக்கு ஒரு வியப்பு உண்டு. சுற்றிலும் பழுப்பும் சாம்பலுமாகக் கிடக்கும் வெளியில் தடங்கள் மட்டும் அடர்பச்சைக் கோடுகளாக ஓடும். சேதப்பட்ட இடம் செழித்திருக்கிறது! இதை எடுத்துக்காட்டி, வண்டிகள் தூந்திரத்துக்கு உரமிடுகின்றன என்று பேசியவர்களும் உண்டு.

ஸ்டூவர்ட் சேப்பினும் கேயஸ் ஷேவரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் புதிரை அவிழ்த்தது. தடத்துக்குள் மண் சூடு அதிகம். உருகும் ஆழம் அதிகம். அதனால் அங்கே செடிக்குக் கிடைக்கும் சத்து, குறிப்பாகப் பாஸ்பேட், கூடுகிறது. ஈரத்தடங்களில் செடிகள் வெளியில் இருப்பவற்றைவிடப் பருத்து வளர்கின்றன. அன்று பாரோ எனப்பட்ட அலாஸ்கா ஊரருகே தடங்களின் மண் வேதியியலை ஆராய்ந்த கெர்ஸ்பர், சாலினர் இருவரும் 1975-லேயே, வண்டி மாற்றுவது மேல்பரப்பை மட்டுமல்ல, மண்ணின் வேதியியலையும் என்று காட்டியிருந்தார்கள். ஆக, பச்சை உண்மையானது. அதன் காரணம், குளிர் பூட்டிவைத்த சத்தை உருகல் திறந்துவிடுவது. பூட்டு உடைந்ததைச் செழிப்பு என்று பதிவேட்டில் எழுதினால் அந்தப் பதிவேட்டை நம்புவதற்கில்லை.

எந்தச் செடி திரும்புகிறது என்பது அடுத்த கேள்வி. பசுமைப் பரப்பு நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடும்போது பாசியும் புல்லும் ஒரே எடையில் ஏறிவிடுகின்றன. நசுங்கிய பாசியும் லைக்கனும் புதரும் இருந்த இடத்தில் கோரையும் புல்லும் வேகமாகப் புகுகின்றன. வெப்பத்தைத் தடுத்து உறைபனியைக் காத்தது பாசி. அந்தக் காவலைப் புல் அதே அளவுக்குச் செய்யாது. குளிர்காலத்தில் காரிபு மான் தின்பது பெரும்பாலும் லைக்கன். அது திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் புரூஸ் ஃபோர்ப்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் இதே மாற்றத்தைப் பதிந்திருக்கிறார்கள்: சங்கிலிச் சக்கர வண்டிகள் ஓடிய புதர்த் தூந்திரம் புல்வெளியாக மாறுகிறது. அந்த வண்டிக்கு ரஷ்ய மொழியில் 'வெஸ்தெஹோத்' என்று பெயர். எங்கும் போகக்கூடியது என்று பொருள். அந்த நிலத்தில் கலைமான் மேய்த்து வாழும் நெநெட்ஸ் மக்களுக்கு, எங்கும் போகும் வண்டி என்பது மேய்ச்சல் வழி ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கோடு. முளைக்கும் இளம்புல்லை மான்கள் தின்னவே செய்கின்றன என்பதையும் அதே ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் கோடைத் தீவனம் கூடுவது குளிர்காலத் தீவனம் போனதை ஈடுசெய்யாது.

கால்வாயான சாலை

கேட்டின் அளவுக்கு ஓர் எல்லையைக் காட்டும் நிகழ்வு 1968-69 குளிர்காலத்தில் நடந்தது. புரூடோ விரிகுடாவில் எண்ணெய் கண்டுபிடித்த வேகத்தில், வடக்கே சரக்கு கொண்டுபோக அலாஸ்கா மாநில அரசு ஒரு குளிர்காலப் பாதை வெட்டியது. ஆளுநர் வால்டர் ஹிக்கெல் தொடங்கிவைத்தார். பின்னர் அவர் பெயரே பாதைக்கு வந்தது. புல்டோசர்கள் தாவரப் பாயை உரித்துத் தள்ளிவிட்டு, கீழே தெரிந்த உறைமண்ணையே சாலையாக்கின. அனக்டூவக் கணவாய் வழியாக அந்தப் பாதை சென்றது. குளிர்காலத்தில் அது சாலையாகத்தான் இருந்தது. வெயில் வந்ததும் பல இடங்களில் நீர் நிறைந்த கால்வாயாகிவிட்டது. லாரிகள் ஓடிய காலத்தைச் சில வாரங்களில் எண்ணிவிடலாம்.

இதை அறியாமை என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. உறைபனியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை உருவாக்கியவர் சீமன் முல்லர்; அவர் 1943-இல் அமெரிக்க ராணுவத்துக்காக எழுதிய கையேட்டில்தான் அந்தச் சொல் பிறந்தது. பாயை உரித்தால் என்ன ஆகும் என்பது அதிலேயே இருந்தது. ரஷ்யப் பொறியாளர்களுக்கு அது அதற்கு முன்பே தெரியும். தெரிந்த ஒன்றை அவசரத்தில் ஒதுக்கிவைத்தார்கள் என்பதே சரியான விவரிப்பு.

அந்தப் பாடம் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாநில இயற்கை வளத் துறை அதே காலத்தில் கோடைகாலப் பயணத்தைக் கட்டுப்படுத்தி, குளிர்காலத்தில் நிலம் உறைந்த பின்பே தூந்திரத்தைத் திறந்துவிடும் முறையைக் கொண்டுவந்தது. 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் பொது நிலங்களில் சாலை விட்டிறங்கும் வண்டிகளை முறைப்படுத்த ஆணையிட்டார். பனிக்கட்டியால் போட்டுக் கோடையில் கரைந்துபோகும் சாலைகள் வந்தன. அவை உண்மையான முன்னேற்றம். குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் பெருத்த டயர் வண்டியான ரோலிகான் வந்தது. 1930களில் அலாஸ்காவில் பள்ளி ஆசிரியராக இருந்த வில்லியம் ஆல்பி, அங்கத்திய மக்கள் ஊதிப் புடைத்த கடல்நாய்த் தோல்களை உருளையாக வைத்துக் கனத்த படகைக் கரையேற்றுவதைப் பார்த்திருந்தார். அந்தக் காட்சியிலிருந்துதான் அவருடைய டயர் பிறந்தது. வடக்கின் பழைய அறிவு வடக்கின் புதிய வண்டிக்குள் சுழல்கிறது. ரோலிகான் ஒருமுறை போன தடம் விரைவில் தேறிவிடுகிறது என்பதைச் சோதனைகள் காட்டின. ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் போனாலோ, திரும்பும்போது டயர் பாசியைத் திருகினாலோ கதை வேறு.

பனி எத்தனை அங்குலம்?

குளிர்காலத்தில் ஓட்டினால் கேடில்லை என்பது இன்று அனுமதிகளின் அடித்தளம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடத்தின் கடலோரச் சமவெளியில் 1984, 1985 குளிர்காலங்களில் எண்ணெய் தேடி நில அதிர்வு ஆய்வு நடந்தது. சுமார் 2,000 கிலோமீட்டருக்கு ஆய்வுக் கோடுகள். அவற்றோடு தங்கும் அறைகளைச் சறுக்குகளில் ஏற்றி டிராக்டர்கள் இழுத்துச்சென்ற முகாம் தடங்கள். முழுக்கக் குளிர்காலத்தில், பனிமேல் நடந்த வேலை. அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையின் ஜேனட் ஜார்கன்சனும் அலாஸ்காப் பல்கலைக்கழகத்தின் மார்த்தா ரேனால்ட்ஸும் பிறரும் அந்தத் தடங்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்தார்கள். ஒரே தடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், அதே இடத்தில் மண்டியிட்டு, அதே சட்டத்துக்குள் செடிகளை எண்ணும் இந்த வகை உழைப்புக்குப் புகழ் குறைவு. நான் வாசித்தவற்றில் என் மதிப்பை அதிகம் பெற்றது அதுவே.

அவர்கள் கண்டது கறுப்பு வெள்ளையாக இல்லை. லேசாக நசுங்கிய தடங்கள் பத்தாண்டுக்குள் பெரும்பாலும் தேறின. முகாம் தடங்கள், ஒரே கோட்டில் கனத்த வண்டிகள் அடுத்தடுத்துப் போனதால், ஆய்வுக் கோடுகளைவிட மோசமாக இருந்தன. தடம் அமிழ்ந்து ஈரம் தங்கிய இடங்களில் புல்லும் கோரையும் புகுந்து, பழைய தாவரக் கூட்டம் இருபது ஆண்டு கழித்தும் திரும்பவில்லை. குளிர்காலம் காப்பாற்றியது பெரும்பகுதியை, எல்லாவற்றையும் அல்ல. அந்த மிச்சத்தை நிர்ணயித்தது வண்டியோட்டியின் திறமையைவிட, கீழே எவ்வளவு பனிக்கட்டி இருந்தது என்பதுதான்.

நான்சி ஃபீலிக்ஸும் ரேனால்ட்ஸும் 1989-இல் வெளியிட்ட கணக்கு இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. மோட்டுக் கோரைத் தூந்திரத்தில் 25 சென்டிமீட்டருக்கு மேல் பனி இருந்தபோது நடுத்தரச் சேதம் நேரவில்லை; ஈரக் கோரையும் புதரும் கலந்த தூந்திரத்தில் அந்த எல்லை 35 சென்டிமீட்டர். லேசான சேதமோ அதைவிடக் கூடுதலான பனியிலும், முன்னதில் 45 சென்டிமீட்டர் வரையிலும் பின்னதில் 72 சென்டிமீட்டர் வரையிலும், நேர்ந்தது. மாநில இயற்கை வளத் துறை 2000களின் தொடக்கத்தில் மாற்றியமைத்த விதியோ, 30 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் மைனஸ் 5 பாகை செல்சியஸ் எட்ட வேண்டும், கடலோரச் சமவெளியில் 15 சென்டிமீட்டரும் மலையடிவாரத்தில் 23 சென்டிமீட்டரும் பனி இருக்க வேண்டும் என்கிறது. மண் வெப்பநிலையை விதிக்குள் கொண்டுவந்தது பாராட்டத்தக்க மாற்றம். பனியாழ எல்லை, கையில் இருந்த சான்றைவிடக் குறைவு. அதுவும் சராசரி. காற்று வாரிக்கொண்டு போகும் அந்த வெளியில் பள்ளத்தில் இடுப்பளவு பனி இருக்கும்போது மேட்டில் கோரை மோடு தலைநீட்டி நிற்கும். சேதம் நேர்வது அந்த மேட்டில்.

விதியை ஏன் மாற்றினார்கள்? இங்கே காலநிலை நுழைகிறது. 1970களில் ஆண்டுக்கு 200 நாளுக்கு மேல் தூந்திரம் வண்டிக்குத் திறந்திருந்தது. முப்பது ஆண்டுகளில் அது சுமார் 100 நாளாகச் சுருங்கியது. நவம்பரில் கிடைத்த அனுமதி ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. தொழிலுக்கு நாள் போதவில்லை. நிலம் உறைய மறுப்பதைக் கண்டு வேலையைக் குறைப்பது ஒரு வழி. உறைந்தது என்பதன் வரையறையைத் திருத்துவது இன்னொரு வழி. இரண்டாவது வழி முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன். பழைய விதி அறிவியல் அடிப்படையின்றிக் கைப்பழக்கத்தில் வந்தது. அதைச் சோதித்து மாற்றியது நியாயம். ஆனால் ஆர்க்டிக் பகுதி 1979-க்குப் பின் உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறிவருகிறது. 1985-இல் பதிந்த தடம் தேறியதுபோல் இன்று பதியும் தடமும் தேறும் என்று யாரும் உறுதி தர முடியாது. புரூடோ விரிகுடாவின் 62 ஆண்டு மாற்றங்களைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த ஆய்வு, 1990-க்குப் பிறகு பனி ஆப்புகள் உருகிப் பள்ளமாவது வேகமெடுத்திருப்பதைக் காட்டியது. காப்புக் குறைந்துவரும் நிலத்தில் பழைய மீட்சிக் கணக்கு கடன் வாங்கிய கணக்கு.

மேலும், ஆய்வு முறையே மாறிவிட்டது. 1980களின் கோடுகளுக்கிடையே பல கிலோமீட்டர் இடைவெளி இருந்தது. இன்றைய முப்பரிமாண நில அதிர்வு ஆய்வில் சில நூறு மீட்டர்தான். கோடுகளாக இருந்தவை வலையாகின்றன. 2017-இல் அமெரிக்க நாடாளுமன்றம் புகலிடத்தின் கடலோரச் சமவெளியை எண்ணெய்க்குத் திறந்த பிறகு இத்தகைய வலைக்கு விண்ணப்பங்கள் வந்தன. அவை வேலையாக மாறவில்லை. மேடுபள்ளமும் மெல்லிய பனியும் கொண்ட அந்தச் சமவெளி புரூடோவைவிட எளிதில் சேதமாகும் என்று ரேனால்ட்ஸும் பிறரும் 2020-இல் எச்சரித்தார்கள்.

பரந்த வட சரிவோடு ஒப்பிட்டால் தடங்களின் பரப்பு அற்பம் என்பது தொழில் தரப்பின் வலுவான வாதம். பரப்பளவில் அது சரி. ஆனால் தடம் ஒரு கோடு. கோட்டைப் பரப்பால் அளப்பது பொருந்தாது. சமவெளியில் உருகுநீர் கண்ணுக்குத் தெரியாத சரிவில் தாள் விரித்ததுபோலப் பரவி ஓடுகிறது. ஒரு முழம் அகலத் தடம் அதன் குறுக்கே அமிழ்ந்தால் நீர் தடத்துக்குள் விழுந்து தடத்தோடு போகும். தடத்துக்குக் கீழ்ப்புறம் காயும், தடம் முடியும் இடம் சதுப்பாகும். வயலுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டினால் எந்த மடை காயும் என்று நம் விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

யாருடைய வண்டி?

வண்டிகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. அனக்டூவக் கணவாய் என்ற சிற்றூரில் சில நூறு நூனமியுட் மக்கள் வாழ்கிறார்கள். காரிபு மந்தையைத் தொடர்ந்து நாடோடியாகத் திரிந்தவர்கள், 1950 வாக்கில் அங்கே நிலைகொண்டவர்கள். நாய்ச்சறுக்கின் காலம் போய் மோட்டார் வண்டிகள் வந்தன; கோடை வேட்டைக்கு எட்டுச் சக்கர ஆர்கோ வண்டி. 1980-இல் அவர்கள் ஊரைச் சுற்றித் தேசியப் பூங்காவும் வனப்பகுதியும் அறிவிக்கப்பட்டன. மோட்டார் வண்டி வனப்பகுதியில் ஓடலாமா என்ற தகராறு பல ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் 1996-இல் நாடாளுமன்றம் நிலப் பரிமாற்றம் ஒன்றைச் சட்டமாக்கியது. ஊரார் ஓட்டும் பகுதிகளின் ஒரு பங்கு வனப்பகுதித் தகுதியிலிருந்து விலக, வேறு நிலங்கள் அத்தகுதியில் சேர்ந்தன.

அந்த ஏற்பாட்டை நான் ஆதரிக்கிறேன். ஆர்கோவும் தடம் விடுகிறது. ஈர மண்ணில் அதே இயற்பியல்தான். ஆனால் அங்கே ஓட்டுபவர் அடுத்த ஆண்டும் அதே ஈரத்தைத் தாண்டியாக வேண்டியவர். தடம் சேறானால் சிக்கிக்கொள்வது அவர் வண்டி, தள்ளிப்போவது அவருடைய இறைச்சி. நில அதிர்வு வண்டியை ஓட்டுபவர் வசந்தத்தில் ஊருக்குப் போய்விடுவார். தடம் அமிழும் கோடையில் அவர் அங்கே இல்லை. சேதத்தின் அளவில் மட்டுமல்ல, சேதத்தைச் சுமப்பவர் யார் என்பதிலும் இவை இரண்டு வேறு காரியங்கள்.

பொழுதுபோக்கு வண்டிகள் மூன்றாவது வகை. அவற்றைப் பற்றி ஐஸ்லாந்துக்குக் குழப்பமில்லை: 2013-ஆம் ஆண்டின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் சாலைக்கு வெளியே மோட்டார் வண்டி ஓட்டுவதையே தடுக்கிறது, பனியாறுகளுக்கும், பனி மூடி உறைந்த நிலத்துக்கும் மட்டும் விலக்கு. அங்கே காயம் பெரும்பாலும் பாசியும் காற்றரிப்பும் சார்ந்தது என்றாலும், தடத்தின் பயன் ஒரு மாலை நேரக் களிப்பாக இருக்கும்போது தடை முழுமையாக இருப்பதே நியாயம்.

எதை அளப்பது?

அனுமதிக்கான விண்ணப்பத்தோடு இன்று வண்டியின் எடை, டயர் அழுத்தம், தேதி, பனியாழம் ஆகியவை போகின்றன. தடம் ஓடவிருக்கும் கோட்டின் கீழே எவ்வளவு பனிக்கட்டி உள்ளது என்ற விவரம் அவற்றுக்கெல்லாம் முன்னால் போக வேண்டும். அதை அறியும் வழிகள் புதியவையல்ல: துளையிட்டு எடுக்கும் மண் உருளைகள், நிலத்தை ஊடுருவும் ரேடார், மின்தடை அளவீடு, செயற்கைக்கோளிலிருந்து நில அமிழ்வைக் கணிப்பது. பனி மிகுந்த வண்டலில் வலைபோன்ற ஆய்வுக்கு அனுமதியே கூடாது. சரளை நிலத்தில் இன்றுள்ள விதிகள் பெரும்பாலும் போதும். பரந்த பகுதி முழுவதற்கும் ஒரே சராசரிப் பனியாழம் என்ற விதியை விட்டுவிட்டு, மேட்டின் உச்சியில் இருக்கும் மெல்லிய பனியைக் கொண்டு எல்லை வகுக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டின் அளவுகள் அதற்கு அடிப்படையாகட்டும்.

மீண்டது என்று எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகள்: தடத்தின் மட்டம் பக்கத்து நிலத்தோடு ஒத்திருக்கிறதா, கம்பி உள்ளும் வெளியும் ஒரே ஆழம் இறங்குகிறதா, பாசியும் லைக்கனும் திரும்பினவா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வரும்வரை நிறுவனத்தின் பிணைத்தொகை விடுவிக்கப்படக் கூடாது. அதற்கு 30 ஆண்டு ஆகும் என்றால் 30 ஆண்டு. லாசன் அளந்த காலம் அதுவே. நிறுவனங்களுக்கு நீளமாகத் தோன்றலாம், நிலத்துக்கு அது குறைந்தபட்சம்.

1949-இல் ஃபிஷ் கிரீக்கில் வண்டி ஓட்டியவர்களுக்கு முல்லரின் கையேடு இருந்தது. ஓட்டிய இடத்தின் அடியில் இருந்த பனியின் வரைபடம் இல்லை. இன்று அந்த வரைபடத்தை எடுக்க முடியும். எடுக்காத இடத்தில் வண்டி இறங்கக் கூடாது.